அஞ்சலை என்றொரு நீலன்

நான் படித்த கல்லூரியின் விலங்கியல் துறைப் பிள்ளைகள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்திருந்தார்கள். கொண்டுவந்த தாளில் என் பெயருக்கு முன்னால் 'ஓய்வு பெற்ற விஞ்ஞானி' என்று அச்சடித்திருந்தது. எனக்கு வயது முப்பத்தைந்து. நான் ஓய்வு பெறவில்லை, நான் வேலை பார்த்த நிலையத்தை மூடிவிட்டார்கள். விஞ்ஞானியும் இல்லை, தொழில்நுட்ப உதவியாளர். இப்போது வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் உடைந்த மாத்திரைகளைப் பொறுக்கி ஒதுக்கும் பிரிவில் இருக்கிறேன். அதைத் திருத்திப் போடச் சொன்னேன்.

"அண்ணே, அப்படிப் போட்டா கெத்தா இருக்காதுண்ணே" என்றான் ஒரு பையன்.

கூட வந்த பெண் வேறொன்று கேட்டாள். "இப்பல்லாம் பூச்சியோட ஒரு கால ஒடச்சி அனுப்புனா மரபணு பாத்து பேர் சொல்லிடுறாங்க. நீங்க நெஜமாவே வெறும் கண்ணால பாத்துதான் பிரிச்சீங்களா?"

கண்ணால் பார்த்துத்தான் பிரித்தோம். அந்தக் கண் ஒரு முறை எங்களைக் கவிழ்த்தும் விட்டது. அதை எழுதுவதாக இருந்தால் எழுதுகிறேன் என்றேன். வெட்கக்கேட்டை எழுதினால் பிள்ளைகளுக்குப் பயன்படுமா என்று தெரியவில்லை. பெருமையை எழுத என்னிடம் அதிகம் இல்லை.

என் ஊர் உறுவையாறு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா அஞ்சலை, நடவு, களை, அறுப்பு என்று கூப்பிட்ட நிலத்துக்கெல்லாம் போவாள். விலங்கியல் எடுத்தது பூச்சிமேல் ஆசைப்பட்டு அல்ல, அதில்தான் இடம் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் பூச்சி ஆய்வு நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. தொடக்கத்தில் என்னைப் பூச்சியைத் தொடவே விடவில்லை. பெட்டி துடைத்தேன், அந்துருண்டை மாற்றினேன், எறும்பு ஏறாமல் மேஜைக் கால்களுக்கு அடியில் இருந்த கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் ஊசி பிடிக்கக் கற்றேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

நிலையத்தில் இருந்த பெரிய சொத்து ஆண்டிஸ் மலைப் பெட்டிகள். தென் அமெரிக்காவில் சுரங்க எஞ்சினியராக இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் வயதான காலத்தில் புதுச்சேரிப் பக்கம் தோட்ட வீடு வாங்கிக் குடியேறினார். அந்த மலைகளில் பிடித்த பட்டாம்பூச்சிகளையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அவை எங்களிடம் வந்தன. அதில் பாதிக்குமேல் நீலன்கள். நம் வரப்புகளிலும் பறக்கிற சின்னப் பட்டாம்பூச்சிகளின் குடும்பம்தான். ஆனால் இவை மரம் முளைக்காத உயரத்தில் வாழ்பவை. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். மேகம் மறைத்தால் புல்லுக்குள் உட்கார்ந்துவிடும், வெயில் வந்தால் தரையை ஒட்டிப் பறக்கும். பெயர்தான் நீலன். பல இனங்களில் நீலம் லேசாகத்தான் இருக்கும், மிச்சமெல்லாம் சாம்பலும் மண்ணுமான நிறம். அவற்றைப் பிரித்துப் பெயர் சொல்வது எங்கள் வேலை. நான் ஏறிய ஒரே மலை செஞ்சிக் கோட்டை. அதிலும் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

இறக்கையைப் பார்த்து இந்த நீலன்களைப் பிரிக்க முடியாது. ஒரே இனத்துக்குள் ஒன்று வெளிறியும் ஒன்று கறுத்தும் இருக்கும். இரண்டு வேறு இனங்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரியும் இருக்கும். ஆண் பூச்சியின் பிறப்புறுப்பைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் அதன் வடிவம் வேறு.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. இடுக்கியால் வயிற்றுப் பகுதியைக் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டினால் காய்ந்த பூச்சியிலிருந்து அது தனியாக வந்துவிடும். அதைப் பொட்டாஷ் கரைசல் உள்ள சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டு, குழாயை வெந்நீரில் நிறுத்த வேண்டும். சதை கரைந்து கெட்டியான பாகம் மட்டும் நிற்கும். அதை நுண்ணோக்கியின் கீழே வைத்து, மூங்கில் குச்சியில் செருகிய இரண்டு ஊசிகளால் தோலை விலக்கினால் உள்ளே உறுப்பு தெரியும். உதிர்ந்த இமை முடியின் ஒரு துண்டு அளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதைக் கிளிசரின் துளியில் மிதக்கவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, படம் வரைந்துகொள்வோம். பார்த்து முடித்ததும் மணிபோன்ற ஒரு குப்பியில் போட்டு, அதே பூச்சியின் ஊசியில் அடியில் குத்திவைப்போம்.

எங்கள் தலைவர் புதுச்சேரி டவுனைச் சேர்ந்தவர், பிரான்சில் படித்தவர். எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். குளிர்சாதன அறையில் எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். நீலனின் இறக்கை மூச்சுக்காற்றுக்கே ஆடும் என்பதால் பெட்டிமேல் குனியும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே முதல் விதி. மதாம் குனிந்தால் நாங்களும் நின்ற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். நான் சொன்ன பெயர் சரியென்றால் அவர் நிமிரும்போது மூச்சு மூக்கு வழியாக மெல்ல வரும், அடுத்த பெட்டிக்குக் கை நீளும். தவறென்றால் "ஃப்பூ" என்று வாய் வழியாக வரும். அந்த "ஃப்பூ"வுக்கு நான் பயந்த மாதிரி பரீட்சைக்குக்கூடப் பயந்ததில்லை.

ஓர் ஏரிக்கரையில் பிடித்த நீலன்கள் ஒரு பெட்டியில் தனியாக இருந்தன. அந்த மலைத்தொடருக்கு ஏற்கெனவே பெயரிட்ட ஓர் இனத்தோடு இறக்கை ஒத்துப்போனது. ஆனால் உறுப்பு ஒத்துப்போகவில்லை. அந்த இனத்துக்குப் பெயரிட்டவர் பழைய நூலில் வரைந்திருந்த படத்தில் உறுப்பின் நுனி அகன்று, அகப்பை மாதிரி இருந்தது. என் கிளிசரின் துளியில் இருந்தது ஒடுங்கி வளைந்து, அசல் அரிவாள் மாதிரி இருந்தது. பெட்டியில் இருந்த இன்னும் பல ஆண் பூச்சிகளைப் பார்த்தேன். எல்லாம் அரிவாள்.

மதாம் குனிந்தார். பார்த்தார். பழைய படத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். மூச்சு மூக்கு வழியாக வந்தது.

"புதுசு" என்றார். "நீதான பாத்த? பேரு நீயே வை."

எங்கள் துறையில் ஒருவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக்கூடாது. மற்றபடி இடத்தின் பெயர், மதிக்கிற ஆளின் பெயர், எதுவும் வைக்கலாம். எனக்கு அரிவாள் என்றதும் அம்மாதான் நினைவுக்கு வந்தாள்.

"அஞ்சலைன்னு வெக்கலாமா மதாம்? அம்மா பேரு. அறுப்புக்குப் போறவங்க."

"வைக்கலாமே. லத்தீன்ல ஒரு வால் சேக்கணும், அவ்ளோதான்."

கட்டுரை இரண்டு பேர் பெயரிலும் வந்தது. ஆனால் கண்டது நான் என்பதால் பெயரிட்டவனாக என்னை மட்டும் போடச் செய்தார் மதாம். அந்த இனத்தின் பெயர் எங்கே எழுதப்பட்டாலும் அஞ்சலை, பக்கத்தில் ஏழுமலை என்று என் பெயர். முதன்மை மாதிரியாகத் தேர்ந்த பூச்சியின் ஊசியில் சிவப்புச் சீட்டு குத்தினோம். உலகத்தில் எந்த அருங்காட்சியகத்திலும் சிவப்புச் சீட்டு என்றால் அதற்கு ஒரே பொருள், பெயர் இந்தப் பூச்சியின் மேல்தான் நிற்கிறது.

ஊரில் என் சேக்காளி சேகர் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருந்தான். நான் யோசிப்பதற்குள் உறுவையாறு பஸ் நிறுத்தத்தில் பேனர் ஏறிவிட்டது. அம்மா படம், கீழே 'தென் அமெரிக்கா புகழ் அஞ்சலை அம்மாள்'. பக்கத்தில் இணையத்திலிருந்து எடுத்த, உள்ளங்கையைவிடப் பெரிய, பளபளவென்று நீலமாக ஒரு பட்டாம்பூச்சி.

"டேய், அது இந்தப் பூச்சி இல்லடா. இது நகம் அளவுதான்."

"நகம் அளவு பூச்சிய போட்டா பஸ்ல போறவனுக்கு இன்னாடா தெரியும்?" என்றான். பிறகு என் கட்டுரையைப் புரட்டி, உறுப்பின் படத்தில் விரலை வைத்தான். "தோ இன்னாடா இது, அரிவாளு மாரி?"

"வால் நுனி" என்றேன்.

அவன் விடவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "விஞ்ஞானி எங்க பாத்து அவங்கம்மா பேர வெச்சிக்கிறான் தெரியுமா?" என்று ஆரம்பித்தான். நான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அம்மா காதுக்கு அது போகவில்லை. அவளிடமும் நான் வால் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அம்மாவை நடவுக்காரிகள் 'பட்டாம்பூச்சி அஞ்சல' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஏ பட்டாம்பூச்சி, ரெக்கைய சுருக்கிக்கினு நாத்த எட்த்துப் போடு" என்பார்களாம். அம்மா கோபப்படுகிற மாதிரி சொன்னாள், முகத்தில் கோபம் இல்லை. எங்கள் தெருவில் அவள் பெயரை ஓட்டுச் சீட்டுக்கும் ரேஷனுக்கும் மட்டும்தான் யாரும் எழுதியிருந்தார்கள்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் நிலையத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நிரந்தர ஸ்லைடு போட்டுக் காட்டலாம் என்று அதே ஏரிப் பெட்டியிலிருந்து மிச்சமான ஓர் ஆண் பூச்சியை எடுத்தேன். பழைய காலத்தில் உறுப்பைக் கிளிசரினில் மிதக்கவிட மாட்டார்கள். கண்ணாடித் தகட்டில் பிசின் வைத்து, மேலே மெல்லிய மூடு கண்ணாடியைப் போட்டு அழுத்திவிடுவார்கள். நூறு ஆண்டு ஆனாலும் அப்படியே இருக்கும். நானும் மூடு கண்ணாடியை வைத்து ஊசிக் காம்பால் அழுத்தினேன். அழுத்திக்கொண்டே நுண்ணோக்கியில் பார்த்தேன்.

அரிவாள் விரிந்தது. வளைவு நிமிர்ந்து பக்கவாட்டில் அகன்று, என் கண் எதிரிலேயே அகப்பை ஆனது.

அந்த அகப்பையை எனக்குத் தெரியும். பழைய நூலில் இருந்த படம் அதுதான். அவர் நசுக்கிய உறுப்பைப் பார்த்து வரைந்திருக்கிறார். நாங்கள் நசுக்காத உறுப்பை வைத்துக்கொண்டு, வேறு வேறு என்று சொல்லியிருக்கிறோம். பூச்சி ஒன்றேதான். கண்ணாடி ஒன்றுதான் கூடுதல்.

மதாமைக் கூப்பிட்டேன். அவர் குனிந்தார். அவ்வளவு நேரம் அவர் மூச்சைப் பிடித்து நான் பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது மூக்கு வழியாகவும் வரவில்லை, வாய் வழியாகவும் வரவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும்தானே பாத்தேன்" என்றார்.

அந்தப் பழைய ஸ்லைடு இருந்த அருங்காட்சியகத்துக்கு எழுதிப் படம் கேட்டோம். வந்தது. நசுங்கிய அகப்பை, விளிம்பில் என் ஸ்லைடில் இருந்த அதே மடிப்பு. இனி சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். அஞ்சலை போக வேண்டும். போகிறது என்று யாராவது அச்சில் எழுத வேண்டும்.

மதாம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "ஏழுமல, நான் பேரு வெச்சதுல மூணு இப்படிப் போயிருக்கு. இந்த வேலைல அது சகஜம். எனக்கு அது பெருசில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இந்த நீலனைத் திருப்பிப் பாக்கற ஆளு உலகத்துல விரல் விட்டு எண்ணலாம். அம்மா இருக்காங்க இல்ல? அவங்க இருக்கற வரைக்கும் விட்டுடலாம்னு நீ சொன்னா, நான் கேக்க மாட்டேன்."

அவர் சொன்னது கருணையால்தான். எனக்கு அது 'ஃப்பூ'வைவிடக் கடினமாக இருந்தது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்கத்தான் செய்தேன். அம்மா பெயரை எடுக்கிற கையும் என் கையாகத்தான் இருக்க வேண்டுமா என்று நினைத்தேன். நம் ஊரில் யார் இதைப் படிக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன்.

அதற்குள் சேகர் அடுத்த வேலையில் இறங்கியிருந்தான். இளைஞர் மன்றத்தில் அம்மாவுக்குப் பாராட்டு விழா, எம்.எல்.ஏ. கையால் பொன்னாடை. அம்மா அதற்கென்று ஒரு புடவையை எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். கொடியில் கிடந்த அந்தப் புடவையைப் பார்த்ததும் முடிவாகிவிட்டது. இல்லாத பெயருக்கு அவள் மேடை ஏறுவதை நான் கீழே நின்று கைதட்டிப் பார்க்க முடியாது.

முதலில் சேகரிடம் சொன்னேன்.

"எம்.எல்.ஏ. தேதி குட்த்துட்டாருடா! இப்ப வந்து பூச்சி வேற இல்ல அதே பூச்சின்ற? வேற ஒண்ணு புட்ச்சி அதுக்கு வெச்சிடேன்."

"வெக்க முடியாதுடா. அந்த வகையில அந்தப் பேரு ஒரு தடவதான். போனா போனதுதான்."

"இன்னா ரூல்ஸோ உங்குது. ரேஷன் கார்டுலகூட திருத்தம் போடலாம்."

அம்மா களையெடுத்துவிட்டு வந்து அடிபம்பில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பம்பை அடித்துக்கொண்டே சொன்னேன். பாதி சொல்லும்போதே கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்போ அந்தப் பூச்சிக்கு எம்பேரு இல்லியா?"

"ஏற்கெனவே வேற பேரு இருந்திருக்கும்மா. நாங்க கவனிக்கல."

"யாரு கண்டுபுட்ச்சது?"

"நான்தாம்மா."

"வெச்சது நீ. எடுக்கறதும் நீ." சேற்றுக் காலோடு நின்றாள். "உன்ன யாருடா எம்பேர வெக்கச் சொன்னது? நான் கேட்டனா? ஏதோ நடவுக்குப் போனமா வந்தமான்னு இருந்தன். பஸ் ஸ்டாண்டுல என் மூஞ்சிய மாட்டி, இப்ப நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவளுங்களோட வரப்புல நிக்கறது?"

நான் அதுவரை அதை அவளுக்குச் செய்த மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"சரி, அயிச்சிடு" என்றாள். "எழுதன எடத்துல எல்லாம் எம்பேர அயிச்சிடு."

அதுவும் முடியாது என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் துறையில் ஒரு பெயர் தவறென்று ஆனாலும் அழியாது. சரியான பெயருக்குக் கீழே, இதுவும் ஒரு காலத்தில் வைக்கப்பட்டது, செல்லாது என்று எழுதியே வைப்பார்கள். அந்த நீலனைப் பற்றி யார் முறையாக எழுதினாலும் அந்த வரியை எழுத வேண்டும். அஞ்சலை, பக்கத்தில் ஏழுமலை, அப்புறம் செல்லாது.

அம்மா இன்னொரு காலை நீட்டினாள். நான் பம்பை அடித்தேன்.

கட்டுரையை நானே எழுதினேன். ஒரு பக்கம்தான். நசுக்கிய படமும் நசுக்காத படமும் பக்கத்துப் பக்கத்தில். விழாவை மன்றத்துக் கபடிக்காரர்களுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை, இடுப்பு வலி என்றாள். போனபோது நடவுக்காரிகள், "இன்னாடி, ரெக்கைய புட்ங்கிட்டாங்களாமே" என்றார்களாம். சேகர் பேனரைக் கழற்றி எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். மழைக்கு வைக்கோலை மூட நல்ல கித்தான் அது. அம்மா வெள்ளைப் பக்கம் மேலே வருகிற மாதிரித் திருப்பி விரித்தாள். பேச்சு குறையவில்லை, சோறு போட்டாள், எல்லாம் வழக்கம்போலத்தான். நிலையத்தைப் பற்றி மட்டும் கேட்பதை விட்டுவிட்டாள்.

பிறகு நிதி நின்றது. நிலையத்தை மூடுவதென்றும் பெட்டிகளை ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதென்றும் முடிவானது. பஞ்சு வைத்துக் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் காலை அம்மா, "அந்தப் பூச்சிய நான் பாக்கவே இல்லியே" என்றாள். நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். "அனுப்பிடுவாங்களா?"

வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் போட்டு எடுத்து மடித்த அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தாள். மதாம் எழுந்து கை கூப்பினார். அம்மாவும் கூப்பினாள். குளிருக்கு உடம்பு சிலிர்த்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்து, பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். அம்மா குனிந்தாள். குனியும்போதே முந்தானையை எடுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். வெட்கத்தினால்தான், பெரியவர்கள் எதிரில் அவள் எப்போதும் செய்கிறதுதான். வரிசையாக இருந்த நீலன்களில் ஒன்றுகூட ஆடவில்லை. மதாமும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"இவ்ளோதானா?" என்றாள் துணிக்குள்ளிருந்து. "ஈயாட்டம் கீது."

"இவ்ளோதாம்மா."

"இது மட்டும் இன்னா, செவப்பா சீட்டு?"

"அதுதாம்மா உன் பேரு."

"இன்னும் கீதா?"

"அத எடுக்கக் கூடாதும்மா. எங்க போனாலும் அதுலயே இருக்கும். செல்லாதுன்னு பக்கத்துல இன்னொரு சீட்டும் இருக்கும்."

அம்மா கைக்கண்ணாடியை அந்தச் சிவப்புச் சீட்டின் மேலேயே பிடித்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டட்டுமா என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

"மூட்றா" என்றாள். "காத்து படப்போவுது."